நகம் பதிந்த டயர்

விருத்தாசலத்தில் அந்த டயர் கடைக்காரரின் வலது கட்டைவிரல் நகம் மட்டும் கறுத்திருக்கும். எந்த டயரையும் அந்த நகத்தால் அழுத்திப் பார்த்த பிறகுதான் பேசுவார்.

எங்களுடையது பழைய ஸ்போர்ட்ஸ் கார். பீங்கான் ஆலைப் பக்கம், மழையில் களிமண் சிந்தியிருந்த வளைவில் அதன் பின்பக்கம் வழுக்கிச் சுற்றிவிட்டது. உள்ளே என் மகளும் இருந்தாள். மறுநாளே கடைக்குப் போனேன். எங்கள் கார் அளவில் இரண்டு புது டயர்கள்தான் இருந்தன.

“முன்னாடி போடுங்க. பின்னாடி டயர்ல பட்டன் தேயவே இல்லையே,” என்றேன்.

அவர் பின் டயரை நகத்தால் அழுத்தினார். தடமே விழவில்லை.

“பட்டன் இருக்குதுங்க, ரப்பர் காஞ்சி ஓடாயிடுச்சு. முன்னாடிக்கு இன்னும் உயிர் இருக்குது. முன்னாடி வழுக்குனா வண்டி நேரா போவும், பிரேக் புடிச்சிடலாம். பின்னாடி வழுக்குனா உங்கள கேக்காமலே திரும்பிக்கும். புதுச பின்னாடி மாட்டறேன்.”

“நிச்சயமாங்களா?” என்று மூன்று முறை கேட்டேன். நான்காவது முறை வாயைத் திறப்பதற்குள் புது டயரை என் பக்கம் உருட்டினார்.

“நீங்களே அழுத்திப் பாருங்கம்மா.”

என் நகம் பதிந்தது.

அடுத்த மழையில் அதே வளைவில் மெதுவாகத் திரும்பினேன். கார் வழுக்கவில்லை.

“போம்மா, இந்த தடவ சுத்தவே இல்ல,” என்று மகள் சலித்துக்கொண்டாள்.

இப்போது அவளுக்குச் செருப்பு வாங்கினாலும் அடிப்பாகத்தை நகத்தால் அழுத்திப் பார்க்கிறேன். செருப்புக் கடையில் சிரிக்கிறார்கள். அந்த டயர் கடைக்காரர் சிரித்திருக்க மாட்டார். பதிந்ததா என்றுதான் கேட்டிருப்பார்.