பெரியம்மாள் எஞ்சின் பார்க்கிறார்

செய்தி வந்தபோது காலை பத்து நாற்பது. பெரியம்மாள் தேயிலைக் கொழுந்து மூட்டையை முழங்காலால் அழுத்தி வாயைக் கட்டிக்கொண்டே, கீழ் வளைவில் ஏறிவரும் லாரிக்குக் காது கொடுத்திருந்தார். தினமும் செய்வதுதான். லாரி கண்ணில் படுவதற்குப் பத்து நிமிடம் முன்பே எந்த வண்டி, எவ்வளவு பாரம், ஓட்டுவது யார் என்று சொல்லிவிடுவார். சின்னக்கானல் சரிவில் அவரோடு கொழுந்து பறிக்கும் பெண்கள் அதைக் கேட்டுத்தான் மூட்டை கட்ட அவசரப்படுவதா, இன்னும் நாலு செடி பார்ப்பதா என்று முடிவு செய்வார்கள். அன்றைக்கும் சொன்னார்:

"வண்டி அவுகளுதுதான். கை வேற."

'அவுக' என்றால் கணவர் பாண்டி. இருபத்தேழு வருடம் அதே எஸ்டேட்டில் கொழுந்து லாரி ஓட்டியவர். அன்று லாரியிலிருந்து வேறொரு டிரைவர் இறங்கினார். ஃபாக்டரி வாசலில் பாண்டியண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிப்பதற்குள், பெரியம்மாள் மூட்டையின் கடைசி முடிச்சைப் போட்டிருந்தார். அது போன ஜனவரியில்.

பெரியம்மாளுக்கு வயது ஐம்பத்தெட்டு. குள்ளமான உருவம். பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்க மாட்டார். காதைத்தான் லேசாகத் திருப்பிக்கொள்வார். நின்றிருக்கும் எந்த வண்டியில் ஏறுவதாக இருந்தாலும், பஸ்ஸே ஆனாலும், முதலில் அதன் முகப்பில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. முப்பத்தெட்டு வருடம் தேயிலை பறித்தவர், டீ குடிப்பதில்லை. காப்பிதான். கேட்டால், "நாளு முச்சூடும் அது மூஞ்சியிலதான முழிக்கேன். குடிக்கவும் அதுவேயாக்கும்?" என்பார். முன் சீட்டில் உட்கார்ந்தால் குமட்டும். வேலை முடிந்து பாண்டியின் கொழுந்து லாரியில் பின்னால், மூட்டைகளுக்கு நடுவே சுருண்டு படுத்து வந்தே பழகிய உடம்பு.

எஸ்டேட்டில் வேலை உள்ளவரைதான் தொழிலாளர் லயத்தில் வீடு. ஓய்வு பெற்றால் சாவியை ஆபீசில் ஒப்படைத்துவிட வேண்டும். பெரியம்மாளுக்கு மே மாதம் ஓய்வு. ஜூலை முடிவதற்குள் லயத்தைக் காலி செய்தாக வேண்டும். சூரியநெல்லியில் சுற்றுலா ஜீப் ஓட்டும் மகள் யோகப்பிரியாவின் ஒற்றை அறை வாடகை வீட்டில் ஏற்கெனவே ஐந்து பேர். மகளுக்குச் சொந்தமாக ஐந்து சென்ட் நிலம் உண்டு, ஆனால் அதில் கட்டடம் கட்ட அனுமதி கிடைக்கவில்லை. அனுமதி கேட்காத ஒரு வீட்டைப் பாண்டிதான் யோசித்து வைத்திருந்தார். பழைய ஸ்கூல் வேன் ஒன்றை எடுத்து, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்துக் கேரவனாக்கிவிடுவது. ஆறு மாதம் அந்த ஐந்து சென்ட்டில் நிற்கும், ஆறு மாதம் ஊர் சுற்றும். "பதினாலு கிலோமீட்டர் போயி, பதினாலு கிலோமீட்டர் திரும்பி, இதுதாம்டி என் சர்வீசு. ஒரு தடவையாச்சும் திரும்பாமப் போவணும்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எஞ்சின் விஷயத்திலும் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அவர் ஓட்டிய லாரியில் இருந்தது நார்மன் கம்பெனி எஞ்சின். "நார்மன்தான் எஞ்சின். மத்ததெல்லாம் மிக்சி" என்பார்.

ஜூன் கடைசியில் தாயும் மகளும், மாநில எல்லைச் செக்போஸ்டை ஒட்டிய கோபாலபுரத்தில், மோகனசுந்தரத்தின் ஷெட்டுக்குப் போனார்கள். லாரிகளுக்கும் வேன்களுக்கும் பாடி கட்டுபவர் அவர். செக்போஸ்டைத் தாண்டும் டிரைவர்கள் பாதிப்பேருக்கு அவரைத் தெரியும். பாண்டி போன வருடமே வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். ஷெட்டில் இரண்டு ஸ்கூல் வேன்கள் நின்றன. ஒரே நீளம், மஞ்சள் பெயிண்ட் இன்னும் உரியாதவை, பின் சீட்டுகள் கழற்றியவை. ஒன்றில் நார்மன் எஞ்சின். பழைய தினுசு, ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவரும் நடுவழியில் பிரித்துப் பூட்டலாம். மற்றதில் பிரதாப். புதுசு, சத்தம் குறைவு, ஆனால் உள்ளே கம்ப்யூட்டர் பெட்டியும் சென்சார்களும். கோளாறு வந்தால் லேப்டாப்போடு ஒருவர் வந்தால்தான் அது வாயைத் திறக்கும்.

"ஏனுங்கக்கா, இதுல ரோசன பண்றதுக்கு என்னங்க இருக்குது?" என்றார் மோகனசுந்தரம். "அண்ணன் அப்பவே வந்து நார்மனத் தொட்டுக் கும்புட்டுட்டுப் போயிட்டாரு. நடுக்காட்டுல நின்னாலும் ஒரு கம்பியக் கட்டி ஊடு வந்து சேர்ந்தர்லாமுங்க."

"அப்பா ஆசைப்பட்டதும்மா. நார்மனே இருக்கட்டும்" என்றாள் யோகப்பிரியா.

பெரியம்மாள் இரண்டு வண்டிகளின் முகப்பிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "ரெண்டும் பச்சத்தண்ணியாட்டம் கெடக்கு. நல்லது. நாங்க வருமுன்ன சூடேத்தி வச்சிருப்பீகளோன்னு பாத்தேன்."

"அடக் கடவுளே! என்னப் பாத்தா அப்படியா தெரியுதுங்க?"

"ஒங்களப் பாக்கல தம்பி. வண்டியத்தான் பாத்தேன். இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

பிரதாப் சாவியைத் திருகியதும் கிளம்பியது. நார்மன் இரண்டு முறை இருமி, வெள்ளைப் புகை விட்டு, பிறகு ஷெட்டின் தகரம் அதிரச் சிரித்தது. யோகப்பிரியாவின் முகம் மலர்ந்துவிட்டது. பெரியம்மாள் அடுத்ததைச் சொன்னார்: "பாரம் ஏத்துங்க. காலி வண்டி எதுதான் ஓடாது? வண்டிக்குப் பன்னெண்டு மூட்ட மணல்."

"பன்னெண்டுங்களா? நாம ஊடு கட்றமா, அணை கட்றமாங்க?"

"வீடுதான் தம்பி. ஆனா மலையேறுற வீடு."

ஆளுக்கொரு வண்டியாக மோகனசுந்தரமும் யோகப்பிரியாவும் போத்துண்டி அணை வரை ஓட்டிப்போனார்கள். அங்கிருந்து நெல்லியாம்பதி ஏற்றம். முதலில் பிரதாப், மகள் ஸ்டீயரிங்கில், மோகனசுந்தரம் பக்கத்தில். முன்னால் வரச் சொன்னதற்குப் பெரியம்மாள் மறுத்துவிட்டார். "ஓட்டப்போறது நீ. குடியிருக்கப்போறது நான். நான் படுக்கப்போற எடத்துல இருந்துதான் பாப்பேன்" என்று, வெறும் தகரத் தரையில் இரண்டு சாக்கை விரித்து நீட்டிப் படுத்தார். ஏற்றம் முழுவதும் பின்னாலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது.

"ஏட்டி, ரெண்டாவதுக்கு மாத்து! அது வாய்விட்டுக் கேக்குது, ஒனக்குக் காது இல்லியா?"

"மாத்திட்டேம்மா!"

"இப்ப மாத்துனே. அந்தப் பாலத்துலயே மாத்தியிருக்கணும்."

மோகனசுந்தரம் சிரித்துவிட்டு, "லைசென்சு அம்மாவுக்கா உனக்கா கண்ணு?" என்றார். மேலே போய்த் திரும்பி வந்ததும் பெரியம்மாள் தீர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னார். மூன்றாவது வளைவில் கொஞ்சம் திணறுகிறது. ஆனால் தரை நடுங்கவில்லை. சட்டிபானை சத்தம் போடாது.

அடுத்தது நார்மன். பன்னிரண்டு மூட்டையும் மூன்று ஆளும் தன் முதுகில் இருப்பதாகவே அது காட்டிக்கொள்ளவில்லை. பிரதாப் திணறிய மூன்றாவது வளைவை ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு மேலே போனது. யோகப்பிரியா சின்னப்பிள்ளை போல ஸ்டீயரிங்கைத் தட்டினாள். பின்னாலிருந்து மட்டும் ஒரு சொல்லும் வரவில்லை. கூர்ந்து கேட்கிறார் போல என்று முன்னால் இருந்த இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

மேலே ஒரு பெட்டிக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். பின்னால் சாக்கு சரசரத்தது. பெரியம்மாள் எழுந்து உட்கார்ந்து, கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, டிரைவர் சீட்டைப் பார்த்துச் சொன்னார்:

"ஏங்க, தூக்குச்சட்டிய மறக்காம எடுத்துக்கோங்க."

யோகப்பிரியா திரும்பிப் பார்த்தாள். மோகனசுந்தரம் சத்தமில்லாமல் கதவைத் திறந்து இறங்கி, ஒரு குறையும் இல்லாத முன் டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

காப்பி வந்தது. பெரியம்மாள் அதை ஆற்றி ஆற்றி, முழுக்க ஆறிய பிறகுதான் குடித்தார். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தபோது குரல் பழையபடி இருந்தது.

"பிரதாப் போதும் தம்பி."

"அக்கா, இந்த இழுப்பப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். இழுப்புல இதுதான் ராசா. யாரு இல்லைன்னா?"

"பொறகு ஏம்மா?" என்றாள் மகள். "அப்பா இருந்தா இதத்தான எடுத்திருப்பாக?"

"எடுத்திருப்பாக. அவுக ஓட்டுனாக. நான் பின்னால படுத்து வந்தவ."

"படுத்து வந்தவ நல்லாத்தான தூங்குன? பிரதாப்புல ஒரு நிமிசம் வாய மூடுனியா? வீட்டுக்குத் தூக்கத்தவிட வேற என்ன வேணும்?"

"தூங்குறதெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் பெரியம்மாள். "முழிக்கிறதுதாம்ட்டி செரமமா இருக்கு."

மோகனசுந்தரம்தான், தொழில்காரர் என்ற முறையில், ஒரு கடைசிக் கேள்வியைப் போட்டுப் பார்த்தார். "அதெல்லாஞ் சரிங்கக்கா. சென்சார் போயி எங்கியாச்சும் நின்னுபோச்சுன்னா?"

"நின்னா நிக்கட்டும். போனப் போட்டு ஆளக் கூப்புடுவோம். அவன் வார வரைக்கும் ஒல வச்சு, சோறாக்கித் தின்னுட்டுப் படுத்திருப்போம். வீடுதான தம்பி? ஒங்க வீடு என்ன, ஓடிக்கிட்டா இருக்கு?"

மோகனசுந்தரம் வாய்விட்டுச் சிரித்தார். இறங்கும்போது நார்மனில் பெரியம்மாள் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். போத்துண்டி வருவதற்குள் இரண்டு முறை வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது.

ஷெட்டுக்குத் திரும்பியதும் பிரதாப்பில் சீட்டுகளைக் கழற்றிய தரையைக் கூட்டச் சொல்லி, ஒரு சாக்பீஸ் வாங்கிக்கொண்டு உள்ளே ஏறினார். எது எங்கே என்று அவரே கோடு போட்டார். அடுப்பு கதவை ஒட்டி, தாளிக்கிற புகை வெளியே போக. தண்ணீர்த் தொட்டி பின் சக்கரத்துக்கு நேர் மேலே. "பாரம் அங்கதான் இருக்கணும், வால்ல வச்சா வளைவுல வீசும்" என்றதும் மோகனசுந்தரம் தலையாட்டினார். ஜன்னல் இடுப்பு உயரத்துக்குக் கீழே, படுத்தால் வெளியே தெரிகிற மட்டத்தில். ஒரு கோட்டையும் அழித்துத் திரும்பப் போடவில்லை.

கட்டில் வந்தது. சுவரை ஒட்டி நீளத்துக்கு ஒரு கோடு, தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. பிறகு அகலத்துக்குச் சாண் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒருவர் படுக்க அது போதும். கை நிற்காமல் ஆறாவது சாணுக்குப் போய்விட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. நாலாவது சாணுக்குத் திரும்பி வந்தது. அங்கும் கோடு விழவில்லை.

"அகலம் எவ்வளவுங்க போடட்டும்?" என்று மோகனசுந்தரம் கீழேயிருந்து கேட்டார்.

பெரியம்மாள் சாக்பீஸை அவர் கையில் கொடுத்தார். "மத்த வேலைய ஆரம்பிங்க தம்பி."

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. ஜன்னல்கள் வெட்டியாகிவிட்டன. அடுப்பு மேடை முடிந்துவிட்டது. தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஒழுகல் பார்த்தாயிற்று. வருகிற வெள்ளிக்கிழமை லயத்துச் சாவியைக் கொடுக்க வேண்டும். கட்டிலுக்கான இடத்தில் மூன்று கோடுகள் இருக்கின்றன. நாலாவது கோடு இன்னும் போடவில்லை.