மதுராவின் சோளச்சோறு

துபாய் ஜெபல் அலியில் ஒரு தொழிலாளர் கேம்ப் மெஸ்ஸில் பதினோரு வருஷமாகச் சமைக்கிறாள் ஹொஸ்னியா. ஊர், இந்தோனேசியாவில் கிழக்கு ஜாவாவின் ஜெம்பர். தாய் ஜாவாக்காரி, தகப்பன் மதுரா தீவு வம்சம். அம்மா எதிலும் ஒரு துண்டு வெல்லம் போடுவாள். அப்பாவுக்கு உப்பும் உறைப்பும் இல்லாமல் சோறு இறங்காது. இரண்டு நாக்குக்கும் ஆக்கிய வீட்டில் வளர்ந்தவளுக்கு, தமிழர், நேபாளி, ஜாவாக்காரர் என்று நூற்றெண்பது பேருக்கு ஆக்கிப்போடுவது மலைப்பாகத் தெரியவில்லை. மெஸ் பொறுப்பாளர் சிவசங்கரனோடு மல்லுக்கட்டியே தமிழும் பேச வந்துவிட்டது.

2024 ஏப்ரலில் அந்த மழை கொட்டியது. ரோடெல்லாம் வெள்ளம். சாமான் லாரி வரவில்லை. மறுநாள் காலை பார்த்தால் அரிசி ஒரு வேளைக்குத்தான். சிவசங்கரன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஹொஸ்னியா முழங்கால் தண்ணீரில் இறங்கி, கேம்புக்குப் பின்னால் கீழக்கரை காதர் மைதீன் வைத்திருந்த கடைக்குப் போனாள். அங்கும் அரிசி தீர்ந்திருந்தது. ஆப்பிரிக்கக் காவலாளிகளுக்காக வாங்கிப்போட்ட உடைத்த மக்காச்சோளம் மட்டும் ஆறு மூட்டை கிடந்தது.

“இத வச்சு என்னம்மா செய்வ?” என்றார் காதர் மைதீன்.

“சோறு,” என்றாள்.

நாலு பேர் மூட்டைகளைத் தலையில் சுமந்து வந்தார்கள். சோளத்தை ஊறப்போட்டு ஆவியில் அவித்தாள். அரைவேக்காட்டு அரிசியைக் கலந்து மறுபடி அவித்தாள். சுவரோர முருங்கையில் கீரை உருவி ஒரு சாறு வைத்தாள். அவள் தகப்பன் வீட்டுப் பேச்சில் முருங்கைக்கு ‘மாரொங்கி’ என்று பெயர். கூடவே பொரித்த கருவாடு.

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சுகெங் என்ற ஜாவா வெல்டர் மட்டும் தட்டைத் தள்ளிவைத்தார். இல்லாதப்பட்டவன் தின்கிற சோறு இது என்றார். பள்ளிக்கூடத்திலேயே அவள் கேட்டுப் புழுங்கிய பேச்சுதான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு போனவள் இன்றைக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

மதுரா சுண்ணாம்புப் பாறை பூமி, நெல் சரியாக வராது, சோளம்தான் சோறு என்று ஜாவா மொழியில் சொன்னாள். அவளுடைய பூட்டன் காலத்தில் சனம் கூட்டங்கூட்டமாகக் கடலைத் தாண்டி ஜெம்பர் புகையிலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தது. இந்தச் சோற்றைத் தின்றுதான் காடு திருத்தியது. பிறகு ஜாவா வீடுகளில் பெண் எடுத்தது, கொடுத்தது. தன் ஊரில் பாதிப்பேர் அப்படிப் பிறந்தவர்கள்தான் என்றாள்.

“பிழைக்கப் போன இடத்துல வயித்தக் காப்பாத்துன சோறு அண்ணே. நீங்களும் நானும் இங்க எதுக்கு வந்தோம்?”

சுகெங் தட்டை இழுத்துக்கொண்டார். இரண்டாம் தடவை சோறு கேட்கவில்லை. ஒரு பருக்கை மிச்சமும் வைக்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை லாரி வந்தது. அதுவரை கேம்பில் ஒருத்தரும் பட்டினி கிடக்கவில்லை. அடுத்த வாரமே சோளச்சோறு எப்போது என்று ஆட்கள் கேட்க ஆரம்பிக்க, வெள்ளிக்கிழமைதோறும் அது நிரந்தரமாயிற்று. போர்டில் ‘மதுரைச் சோறு’ என்று எழுதிவிட்டார் சிவசங்கரன்.

மதுரை மேலூர்க்காரர் கோபாலசாமிக்கு அது பொறுக்கவில்லை. “மதுரப் பக்கம் இப்படி ஒரு சோறு நான் பாத்ததே இல்லையேக்கா,” என்றார்.

“அது வேற மதுரா,” என்று சிரித்தாள் ஹொஸ்னியா. “கடலுக்குள்ள இருக்கு. நீ உக்காரு, ஆறிடும்.”