வாசலில் நின்ற வில்லன்

என் மீசையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய மீசை. அதற்குச் சொந்தக்காரன் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறவன். குளியலறையில் பல்லி இருந்தால் தங்கையைக் கூப்பிட்டு விரட்டச் சொல்கிறவன். மீசையை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

அந்தத் தங்கைதான் ஒரு கொரியப் பையனைக் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கோலாலம்பூரில் அவளோடு வேலை பார்க்கிறவன். நல்ல பையன், தோசையைக் கையால் பிய்த்துச் சாப்பிடக்கூடப் பழகியிருந்தான். அம்மாவுக்கு அவன்மேல் ஒரு குறையும் இல்லை. பயமெல்லாம் அவனுடைய அம்மாவை நினைத்துத்தான். அவர் சியோலிலிருந்து பெண் பார்க்க வருகிறார், அவர் சரி என்றால்தான் கல்யாணம்.

அம்மா பல வருடங்களாகக் கொரியத் தொடர்கள் பார்க்கிறார். திரையின் கீழே ஓடும் மலாய் மொழிபெயர்ப்பைப் படித்துப் படித்தே அந்த நாட்டைக் கரைத்துக் குடித்துவிட்டார். அங்கே எல்லாரும் பணக்காரர்கள். பாதிப் பேருக்கு விபத்தில் எல்லாம் மறந்துபோகும். மழை வந்தால் இரண்டு பேருக்கு ஒரு குடைதான் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெண்ணைப் பிடிக்கவில்லையென்றால் பையனின் அம்மா எதிரே இருக்கும் கிளாஸை எடுத்துத் தண்ணீரை முகத்தில் ஊற்றிவிடுவார்.

“தண்ணி வச்சாதான ஊத்துவாங்க? வைக்கவே கூடாது லா,” என்றார் அம்மா.

வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காத தமிழ் வீடு உண்டா என்று கேட்டேன். அதற்கும் வழி வைத்திருந்தார். இளநீர். ஸ்ட்ரா போட்டுக் காயோடு கொடுத்துவிட்டால் எவ்வளவு கோபம் வந்தாலும் ஊற்ற முடியாதாம். அப்படியும் மனசு கேட்காமல், தங்கையை ஓரமாக உட்காரவைத்து, அந்த அம்மாளுக்கு நேர் எதிரே தானே உட்காருவதாக ஏற்பாடு.

“ஊத்துனா எம்மேல ஊத்தட்டும். புள்ள ஆசையா சேலை கட்டியிருக்கும்.”

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சனிக்கிழமை காலை, பந்திங் சாலையில் வாங்கிய இளநீர்க் குலையோடு கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பாராங் கத்தியால் ஓங்கி ஓங்கிச் சீவிக்கொண்டிருந்தேன். அவர்களோ சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டார்கள். எங்கள் ஆட்கள் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். கார் நின்றதும், வரவேற்க வேண்டுமே என்று எழுந்து சிரித்தபடி கையை உயர்த்தினேன். கத்தி இருந்த கை.

காரின் கதவுகள் பூட்டிக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது.

பையன் ஜன்னலைக் கொஞ்சமாக இறக்கி, ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டான். எங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவன் அம்மா ஆசையோடு இந்தியப் படங்களாகப் பார்த்தாராம். அவற்றில் பெண்ணின் அண்ணன் பெரிய மீசையோடு வாசலில் நிற்பான். கையில் அரிவாள் இருக்கும். காதலித்தவன் முழுசாகத் திரும்ப மாட்டான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான்கு தலைமுறையாக இந்த மண்ணில் இருக்கிற குடும்பம். நான் மதுரைப் பக்கம் எட்டிப் பார்த்ததுகூடக் கிடையாது. எவனோ எங்கேயோ எடுத்த படத்துக்கு நானா பதில் சொல்ல வேண்டும்? இதையெல்லாம் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். கத்தியும் கூடவே ஆடியது. பின்சீட்டில் அந்த அம்மாள் தலையைக் குனிந்து மறைந்துகொண்டார். வாசற்படியில் நின்ற தங்கையின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. கார் திரும்பிவிட்டால் அவள் கல்யாணமும் அதோடு போய்விடும்.

அம்மா வெளியே வந்தார். என் தோள் உயரம்கூட இல்லாதவர். எட்டி, முதுகில் பளாரென்று ஒன்று வைத்தார்.

“கத்தியக் கீழ போடு, எருமை. போய் சட்டையப் போடு. வீட்டுக்கு வந்தவங்கள இப்படித்தான் வெயில்ல நிக்க வைப்பியா?”

வில்லன் கத்தியைப் போட்டான். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை போலும், கார்க் கதவு திறந்தது.

அந்த அம்மாள் இறங்கி, மகனைத் தனக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு நின்றார். கண் மட்டும் கீழே கிடந்த கத்தியை விட்டு நகரவில்லை. அம்மா தங்கையிடம், “இவ்ளோ பயத்த வச்சுக்கிட்டு ஏன் வந்தாங்கன்னு கேளு,” என்றார். கேள்வி தங்கையிடமிருந்து பையனுக்கும், பையனிடமிருந்து அவருக்கும் போய், பதில் அதே வழியில் திரும்பி வந்தது. தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“தான் வேணாம்னு தடுத்தாலும் இவரு வந்துடுவாருன்னு அவங்களுக்குத் தெரியுமாம், அம்மா. வெட்டுனாங்கன்னா, தான் முன்னால நிக்கலாம்னு வந்தாங்களாம்.”

அம்மா போய் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்குப் புரியாது என்று தெரிந்தும் தமிழிலேயே சொன்னார்.

“உள்ள வாங்க, சம்பந்தி.”

பெண் பார்க்க வந்தவர் பெண்ணை இன்னும் நிமிர்ந்துகூடப் பார்த்திருக்கவில்லை.