மேலே இருப்பவருக்கு ஒரு நோயின் பெயர்

கட்டடம் எழும்பும் இடத்தில் அவரை எல்லோரும் 'மேலே இருப்பவர்' என்றுதான் சொல்வார்கள். அத்தனை உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவரை வேறு எப்படிச் சொல்வது? கீழே யாராவது அலுத்துக்கொண்டால், "எல்லாம் மேல இருக்கறவர் பாத்துக்குவாரு" என்று கூண்டைக் காட்டிச் சிரிப்பார்கள். அவரும் வாக்கி-டாக்கியில், "வேண்டுதல் என்னன்னு சொல்லுங்கப்பா" என்பார்.

ஒரு மழைக்காலத்துக் காலையோடு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. கம்பிக் கட்டைத் தூக்கும்போது அதைச் சுற்றிக் கட்டியிருந்த பெல்ட் அறுந்தது. கீழே நின்று சைகை காட்டிக்கொண்டிருந்தவன் அவருடைய மச்சான். மனைவியின் ஒரே தம்பி. வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவர்தான்.

பெல்ட் நைந்துபோயிருந்தது, ஓட்டியவர் மேல் தப்பில்லை என்று விசாரணையில் முடிவானது. மனைவியும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மகனைப் பறிகொடுத்த மாமியார் அவர்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்து, "மாப்பிள்ளை சாப்பிட்டாச்சா?" என்று வழக்கம்போலக் கேட்டபோது, அவர் சாப்பிடாமலே "ஆச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. தம்ளரைப் பிடித்தால் தண்ணீர் சிந்தியது. பார்த்துக்கொண்டே இருந்த மனைவி, மனநல ஆலோசகர் ஒருவரை விசாரித்து வைத்தாள். "போய்ப் பேசிட்டு வாங்களேன். கம்பெனி இன்சூரன்ஸ்ல இதுக்கும் உண்டாம்."

மருந்துக்கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. ஆலோசகர் வயதில் சின்னவள். அவர் விபத்தைப் பற்றிப் பட்டும் படாமலும் சொல்லிவிட்டு, நேராக இன்சூரன்ஸுக்கு வந்தார்.

"அவங்க பணம் குடுக்கணும்னா நான் நோயோட பேரை எழுதணும் சார்" என்றாள் அவள். "சும்மா மனசு சரியில்லன்னு எழுதினா தள்ளிடுவாங்க."

"கம்பெனிக்குத் தெரிய வருமா?"

அவள் பூசி மெழுகவில்லை. "நீங்க பேசறது இந்த ரூமைத் தாண்டாது. அந்தப் பேர் மட்டும் இன்சூரன்ஸ்காரங்களுக்குப் போகும். அங்கேருந்து கம்பெனிக்குப் போகக்கூடாதுங்கறது விதி. போகவே போகாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

"தூக்கம் வரலைன்னு மட்டும் எழுதிக்குங்களேன் மேடம்."

"நான் பாக்கறதைத்தானே எழுத முடியும் சார். இன்சூரன்ஸ் வேணாம்னா கைக்காசு போட்டு வாங்க, குறைச்சு வாங்கிக்கறேன். ஆனா இந்தக் கையோட நீங்க மேல ஏறுறதுதான் எனக்குப் பயமா இருக்கு."

நோயின் பெயர் வெளியே தெரிந்தால் கூண்டில் உட்கார விடமாட்டார்கள். படிக்கிற மகள், மாமியார், வீட்டு வாடகை எல்லாம் அவர் தலைமேல்தான். கைக்காசுக்கு எங்கே போவார்? "யோசிச்சு சொல்றேன்" என்று எழுந்துவிட்டார்.

"என்ன சொன்னாங்க?" என்று மனைவி வாசலிலேயே கேட்டாள்.

"ஒண்ணுமில்லையாம். நல்லாத் தூங்கச் சொன்னாங்க."

அப்பாடா என்று அவள் மூச்சுவிட்டது அவர் நெஞ்சைக் கிழித்தது.

மழை போய் வெயில் வந்தது. அவர் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் கண்ணாடிப் பலகைகளைத் தூக்கி அந்தரத்தில் நிறுத்தியிருந்த நேரம், கீழே புதிதாக வந்த ஆள் சைகைக்குக் கையை உயர்த்தினான். அவ்வளவுதான், அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுமை காற்றில் ஆடியது. "இறக்குங்க! என்னாச்சு?" என்று வாக்கி-டாக்கி கத்தியது. கடைசியில் இன்னொரு ஆபரேட்டர் ஏறிவந்து லீவரிலிருந்து அவர் விரல்களைப் பிரித்தெடுத்துவிட்டுச் சுமையை இறக்கினார். யாருக்கும் அடிபடவில்லை. ஏணியில் அவரைப் பிடித்து இறக்கும்போது கீழே எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

எந்தப் பெயருக்குப் பயந்தாரோ, அதைக் கம்பெனி டாக்டரே எழுதினார். தரையில் அவருக்கு வேலை எதுவும் இல்லை என்றார்கள். வேலை போனது, கூடவே இன்சூரன்ஸும் போனது. தனியாக எடுக்கலாமென்று விசாரித்தால், ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு இப்போதைக்குப் பணம் வராதாம்.

"அந்தம்மா அன்னைக்கே சொன்னாங்களா?" என்று மனைவி கேட்டாள். அவர் தலையாட்டினார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது? அவன் உன் தம்பி."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தம்பி போனபோதுகூட அவர் முன்னால் அவள் அப்படி அழுததில்லை. பக்கத்தில் போய் உட்காரக்கூட அவருக்குத் துணிவு வரவில்லை.

இப்போது ஒரு வணிக வளாகத்தின் அடித்தளத்தில் கார்களை ஒழுங்குபடுத்தி நிறுத்துகிறார். வெளிச்சம் இல்லாத இடம். ஆலோசகர் இரண்டொரு தடவை போன் செய்து, "பணத்தைப் பத்தி யோசிக்காம வாங்க சார்" என்றாள். "வரேன் மேடம்" என்றார். இன்னும் போகவில்லை.