உம்மாவின் நெருங்கிய தொடர்பு

கொரோனாக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு அந்தச் செயலியைக் கொண்டுவந்தவள் நான்தான். இரண்டு போன்கள் கொஞ்ச நேரம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது குறித்துக்கொள்ளும். பிறகு ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்து, அவர் அதைத் தன் போனில் பதிந்தால், மற்றவரின் போனில் மணி அடித்து ஒரு செய்தி வரும். யாரிடமிருந்து தொற்றியிருக்கலாம் என்று சொல்லாது. எந்த இடத்தில் என்றும் சொல்லாது.

கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். விளக்கம் சொல்லக் கிடைத்தால் விடமாட்டேன். என் போனிலும் கணவரின் போனிலும் செயலியைப் போட்ட கையோடு உம்மாவின் போனையும் வாங்கிப் போட்டுக்கொடுத்து, எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையிலுள்ள மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பாடம் எடுத்தேன்.

“ஆருக்கு வருத்தம் எண்டு அது சொல்லாதாமா?” என்றார் உம்மா.

“சொல்லாது உம்மா. அதுதான் இதுல நல்ல விசயம். ஒரு ஆள்ட அந்தரங்கம் வெளிய போகாது.”

“அப்ப இது நம்மட ஊருக்குச் சரிவராது புள்ள. இஞ்ச ஆக்கள் முதல்ல பேரைத்தான் கேப்பாங்க.”

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருவார். என் கணவரும் அப்படித்தான் வந்தார். உம்மா பெரிய வீட்டை எனக்கு எழுதித்தந்துவிட்டு, அதே வளவின் பின்பக்கம் ஒரு சின்ன வீட்டுக்குப் போனார். நடுவில் அந்த மதில், மதிலில் ஆள் போய்வர ஒரு கடப்பு. மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. அவரைக் கண்டால் உம்மா முக்காட்டை இழுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, “மருமகனுக்குச் சொல்லு, தேத்தண்ணி ஆறுது” என்பார். அவர் பக்கத்தில்தான் நிற்பார். நான் திரும்பி அதையே அவரிடம் சொல்ல வேண்டும். கலியாணம் முடித்த நாளிலிருந்து இந்த வீட்டில் எனக்குத் தபால்காரி வேலை.

அதனால் நோய் வந்தபோது என் சட்டங்கள் இலகுவாக நடந்தன. உம்மாவுக்குச் சீனி வருத்தமும் மூச்சிழுப்பும் இருந்தன. கணவருக்குப் பஸாரில் ஹாட்வெயார் கடை, ஊரிலுள்ள இருமல் எல்லாம் ஆணி வாங்க அங்கேதான் வரும். கடப்பைக் கம்பியால் கட்டினேன். உம்மாவின் சாப்பாட்டை மதிலின் மேல் வைப்பேன். கணவருக்கு முன்னறையில் பாய், தனிக் கோப்பை, தனித் துவாய். சீனி டப்பாவை அலுமாரியில் பூட்டினேன், அவருக்கும் சீனி வருத்தம் தொடங்கியிருந்தது. “போனை எங்கயும் வெச்சிட்டுப் போகாம இடுப்புலயே வெச்சிக்கங்க” என்று உம்மாவுக்குக் கட்டளை போட்டதும் நான்தான். ஒரு அரசாங்கமே இவ்வளவு ஒழுங்காக இருந்திருக்காது.

ஒரு நாள் பஸாரில் கடைக்காரர்களை வரிசையில் நிறுத்தி மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். என் கணவருக்குத் தொற்று. சுகாதாரப் பரிசோதகர் செயலியில் போடச் சொல்லி ஓர் இலக்கமும் அனுப்பியிருந்தார். கணவர் அதைப் போடாமல் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமிக்கும் ஒருக்கா டெஸ்ட் எடுத்தா நல்லம்” என்றார் கடைசியில்.

“உம்மாட பக்கமே நீங்க போறல்லையே. அவட மூக்க என்னத்துக்கு நோகடிக்கிற?”

“அதில்ல… வயசான ஆள்.”

அவர் முகம் வெளிறிக் கிடந்தது. நோய்க்குப் பயப்படுகிறார் என்று நினைத்து, ஒரு நல்ல பிரசையாகப் போனைத் தூரத்திலிருந்தே தள்ளிவிடச் சொல்லி வாங்கி, இலக்கத்தைப் போட்டு அழுத்தினேன்.

என் போனை மேசையில் வைத்துவிட்டு மணிக்காகக் காத்திருந்தேன். ஒரே கூரையின் கீழ் இருக்கிற மனைவி, எனக்குத்தானே முதலில் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. திறந்து பார்த்தேன். நெருங்கிய தொடர்புகள் எவையும் பதிவாகவில்லை என்றிருந்தது. என் சட்டங்கள் வேலை செய்திருக்கின்றன என்று பெருமையாகக்கூட இருந்தது.

மதிலுக்கு அப்பால் மணி அடித்தது.

செயலி கொடுத்த வாக்கைக் காப்பாற்றியது. பேர் சொல்லவில்லை, இடம் சொல்லவில்லை. சத்தத்தைப் பற்றி மட்டும் அதனிடம் யாரும் வாக்கு வாங்கவில்லை.

“புள்ள,” உம்மாவின் குரல் வந்தது. “என்ட போன்ல என்னமோ வந்திரிக்கி. எனக்கு நெருங்கிய தொடர்பு இரிக்காம். இந்த வயசுல எனக்கு ஆரோட தொடர்பு? அஸ்தஃபிருல்லாஹ்.”

எங்கள் ஊரில் தொடர்பு என்ற சொல்லைச் சுகாதாரத்துக்குப் பாவிப்பதில்லை. இன்னாருக்கும் இன்னாருக்கும் தொடர்பாம் என்றால் அது பள்ளிவாசல் விசாரணை வரை போகிற விசயம். பக்கத்து வளவில் யாரோ தண்ணீர்க் குழாயைச் சட்டென்று மூடியது கேட்டது.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பின்னேரம் நான் கதவைப் பூட்டிக்கொண்டு சூமில் வகுப்பு எடுக்கிற நேரத்தில், அவர் கடையிலிருந்து வந்து பின்ரோட்டால் சுற்றி உம்மாவின் வீட்டுக்குப் போவாராம். கையில் மஸ்கட் அல்வாப் பொட்டலம். உம்மா அடுப்பில் சீனி போட்ட தேத்தண்ணி வைத்திருப்பாராம். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒளித்தொகுப்பு விளங்குகிற வரைக்கும் இரண்டு சீனி நோயாளிகளும் அங்கே மஸ்கட் சாப்பிட்டிருக்கிறார்கள். இடுப்பில் போனோடு.

“முக்காட்ட இழுத்து விட்டுட்டு உங்களோட முகம் குடுத்துக் கதைக்காத ஆளு. அவவோட அப்பிடி என்ன கதைப்பீங்க?”

அவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு எப்போதுமே நேரம் எடுக்கும். அன்று அதுவும் வரவில்லை.

“உன்னப் பத்தித்தான்.”

எனக்கு வந்த கோபத்தில் அலுமாரியைத் திறந்து பூட்டிய சீனி டப்பாவை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி பூட்டினேன். எதற்கு என்று இன்றுவரைக்கும் தெரியாது.

உம்மாவுக்கும் தொற்று என்று வந்தவுடன் கோபம் போய்விட்டது. நோயாளிகள் இருவரும் ஒரு வீட்டில் இருக்கட்டும் என்றார் சுகாதாரப் பரிசோதகர். சின்ன வீடுதான் தோது.

“மருமகன்ட முகத்த நான் எப்பிடிப் பாக்கிற?” என்றார் உம்மா.

“இவ்வளவு நாளும் பாத்த மாதிரித்தான்.”

மதிலின் மேல் இப்போது இரண்டு சாப்பாட்டுக் கோப்பைகள் வைத்தேன். அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. இந்தப் பக்கம் வீடு முழுக்க நான் மட்டும், தொற்று இல்லாமல், தொடர்பும் இல்லாமல்.

ஒரு பகல் சிரிப்பு நின்றது. உம்மாவுக்கு மூச்சு வாங்கியது. விரலில் மாட்டிப் பார்க்கிற கருவியில் இலக்கம் இறங்கிக்கொண்டு போவதாகக் கணவர் மதிலுக்கு அப்பாலிருந்து சொன்னார். ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டுக் கடப்பில் போய் நின்றேன். நான் கட்டிய கம்பியை என் கையாலேயே அவிழ்க்க வரவில்லை, அவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தேன். அது கொரோனாவில் மௌத்தானவர்களை ஊர் மையவாடியில் அடக்க விடாமல், அரசாங்கம் தூரத்து இடமொன்றுக்குக் கொண்டுபோன காலம். எங்கள் ஆட்களுக்கு நோயை விட அந்தப் பயம்தான் பெரிது. உம்மா அதுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“மன,” என்று உம்மா கூப்பிட்டது கேட்டது. என்னை இடையில் வைக்காமல், மகன் என்று நேராக அவரை. “என்னத் தூரத்துக்கு மட்டும் அனுப்பிராதீங்க மன.”

“நான் இரிக்கன் மாமி. ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. குப்புறப் படுங்க.”

அவர் குரல் அவ்வளவு மெதுவாக இருந்து நான் கேட்டதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எனக்குச் சொல்லாத பயத்தை உம்மா அவருக்குச் சொல்லியிருக்கிறார். எனக்குச் சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு சட்டம் போட்டிருப்பேன்.

அல்லாஹ்வின் உதவி, அம்புலன்ஸ் வரும்போது இலக்கம் ஏறத் தொடங்கியிருந்தது. சிலிண்டர் ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் இருவரும் தேறினார்கள். அவர் பெரிய வீட்டுக்குத் திரும்பிய அன்று உம்மா முக்காட்டை இழுத்துவிட்டு, “மருமகனுக்குச் சொல்லு, துவாய மறந்திட்டுப் போறார்” என்றார். நானும் ஒன்றும் தெரியாதவள் போலச் சொன்னேன்.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம் நேரத்தோடு வகுப்பை முடித்துவிட்டு எழும்பினேன். அவரைக் காணவில்லை. பின்பக்கம் மஸ்கட்டின் நெய் வாசம். கம்பியை அவிழ்த்துக் கடப்பைத் திறந்தேன். இருவரும் வாயில் இருந்ததை மெல்லாமல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். பிறகு உம்மா தட்டை என் பக்கம் தள்ளினார்.

“வா புள்ள, இரி. ஆனா உன்ட போன வீட்ட வெச்சிட்டு வா. இந்தப் போனுக்கெல்லாம் வாய் நிக்கிறல்ல.”