ஓர்லினின் அசையாத கல்

எங்கள் விஸ்கான்சின் ஊரில் ஓர்லினைப் போலக் கற்களைத் திட்டியவர் யாருமில்லை. பனி விலகியதும் எல்லோரும் வயலில் இறங்கிக் கல் பொறுக்குவோம். ஏதோ ஒரு காலத்துப் பனியாறு உருகும்போது போட்டுவிட்டுப் போனவை. ஒவ்வொரு குளிருக்கும் புதிதாக மேலே வரும். ஓர்லின் சின்னக் கற்களை வேலியோரம் குவிப்பார். பெரியதை, பக்கத்து வயல்காரர் டெல்மர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, அவர் பக்கம் இழுத்துவிடுவார். டெல்மரும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை இருவரும் தேவாலயத்தில் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள்.

பனியாறு விட்டுப்போனவற்றைக் காட்ட அருகில் ஒரு பூங்கா திறந்ததும் ஓர்லின் மாறிப்போனார். சிகாகோக்காரர்கள் வயலோரம் காரை நிறுத்தி, கன்றுக்குட்டி அளவு இருந்த அவருடைய சிவப்புக் கல்லைப் படமெடுத்தார்கள். அதன்மேல் கை வைத்து நிற்கப் பழகினார். கல்லுக்கு ஒரு பலகை, அதில் தன் பெயர். அந்த வயதில் அவருக்கு வேறு ஆசை இல்லை. பூங்கா அலுவலகத்தை நச்சரித்தார்.

அங்கிருந்து ஒரு பெண் கல்லைப் பார்க்க வந்தாள். பனியாறு விட்ட இடத்திலேயே கல் இருந்தால்தான் பலகை என்றாள். ஊரே கூடியிருந்தது. நான் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"பத்தாயிரம் வருஷமா ஒரு அங்குலம் நகரலம்மா," என்றார் ஓர்லின். "எங்க தாத்தா நார்வேல இருந்து வந்தப்பவும் இங்கதான் கிடந்துச்சு."

டெல்மரால் பொறுக்க முடியவில்லை.

"யோவ், புளுகாதய்யா! அது என் கல்லு. நான்தான் டிராக்டர்ல சங்கிலி கட்டி உன் பக்கம் இழுத்துவிட்டேன். நீ அன்னைக்கு மீன் வறுவல் தின்னப் போயிருந்தே!"

ஓர்லின் அப்போதாவது வாயை மூடியிருக்கலாம்.

"உன் கல்லா? முந்தின வருஷம் அதை உன் பக்கம் தள்ளினது யாருன்னு நினைச்சே? நான்தான்யா!"

அந்தப் பெண் பேனாவை மூடினாள்.

"இவங்க ரெண்டு பேருக்கும் அந்தப் பனியாறே தேவலை," என்றாள் ஓர்லினின் மனைவி ஆர்டிஸ்.

"காபி நல்லா இருந்துச்சு," என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தவள் போய்விட்டாள்.

அடுத்த வசந்தத்தில் கல் டெல்மர் வயலில் கிடந்தது. வேலியில் டிராக்டர் அகலத்துக்கு ஓட்டை. தேவாலய வாசலில் டெல்மர் முறைத்துக்கொண்டு நின்றார்.

"என்னை ஏன்யா பாக்குறே?" என்றார் ஓர்லின். "பனியாறு மறுபடி வந்திருக்கும்."