பாதியில் நின்ற பாட்டு

எனக்குப் பாட்டுக் காது கிடையாது. எந்த ராகம், யார் பாடியது என்று கேட்டால் முழிப்பேன். எனக்கு நன்றாகத் தெரிந்த சங்கீதம் டயாலிசிஸ் மெஷின் போடும் அலாரம்தான். அதில் மட்டும் நான் கெட்டி. எந்த மெஷின், என்ன கோளாறு என்று தூரத்தில் இருந்தே சொல்லிவிடுவேன்.

மலேசியாவின் ஈப்போ நகரத்தில் ஒரு கடைவரிசையின் கீழ்த்தளத்தில் எங்கள் சென்டர். நான் அங்கே மூத்த நர்ஸ். பேஷண்டுகளுக்கு நான் மிஸி. சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்தில் மூன்று நாள் வந்து, நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருப்பார்கள். ரத்தம் குழாய் வழியாக மெஷினுக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பும். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு ஊசி போடவும் மெஷின் ஓட்டவும் யாராவது கற்றுக்கொடுத்துவிடுவார்கள். நான் சொல்லப்போவது வேறு விஷயம்.

1. கை ஆட்டிய வழக்கு

ஒரு திங்கட்கிழமை காலை, அலாரம் அடித்தது எனக்கே கேட்கவில்லை. பரமசிவம் அண்ணன் போனில் பழைய தமிழ்ப் பாட்டு. பக்கத்து நாற்காலி லிம் அங்கிள் போனில் கேன்டனீஸ் சீனப் பாட்டு. ஒருவர் சத்தத்தைக் கூட்ட, மற்றவரும் கூட்ட, வார்டு இரவுச் சந்தை, நம் பசார் மாலாம் மாதிரி ஆகிவிட்டது. தற்செயலாகத் திரும்பிப் பார்த்தால் பரமசிவம் அண்ணன் மெஷினில் சிவப்பு விளக்கு. வீனஸ் பிரஷர், அதாவது ரத்தம் உடம்புக்குத் திரும்பும் குழாயின் அழுத்தம், ஏறி பம்ப் நின்றிருந்தது. காரணம் மெஷின் இல்லை. ஊசி போட்டிருந்த கையாலேயே மனிதர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஊசி போட்ட கைய ஆட்டாதிங்கன்னு எத்தன தடவ சொல்றது? ரத்தம் உறைஞ்சா மொத்தமும் போச்சு."

"நான் ஆட்டல மிஸி. பாட்டு ஆட்டுது. இந்த எடத்துல தபலாவ கேளுங்க, சும்மா இருக்க முடியுமா?"

"அவன் பாட்டு ரொம்ப சத்தம்லா மிஸி," என்றார் லிம் அங்கிள். அவர் அப்பா எஸ்டேட்டில் கடை வைத்திருந்தவர். தமிழ் தண்ணீராக வரும், மரியாதை மட்டும் வராது.

போன் பாட்டுக்குத் தடை போட்டேன். மறுமுறை அத்தனை பேரும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிபி கூட எல்லோருக்கும் ஏறியிருந்தது. சரி, பிழைத்துப் போங்கள் என்று ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கர். முறை வைத்து ஆளுக்கொரு பாட்டு. போடுகிறவர் அது ஏன் பிடிக்கும் என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் கருத்துச் சொல்லலாம், அலாரம் அடித்தால் வாயை மூட வேண்டும். பரமசிவம் அண்ணன் தாளத்தைக் காலுக்கு மாற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த இடமே வேறு. தஞ்சோங் ரம்புத்தானில் இருந்து வரும் லாரி டிரைவர் பரமசிவம் அண்ணன், பாடுகிறவர் எந்த இடத்தில் மூச்சு விடுகிறார் என்று காட்டுவார். லிம் அங்கிள் கண்ணை மூடி வயலினை மட்டும் பின்தொடர்வார். "இப்ப உள்ள பாட்டுல மூச்சே இல்ல" என்று அண்ணன் சொன்னால், "உனக்கும்தான் மூச்சு இல்ல, தண்ணிய கொறச்சு குடி" என்பார். எங்கள் பேஷண்டுகளுக்குத் தண்ணீர் அளவுதான், மிஞ்சினால் மூச்சு வாங்கும். நானோ ஊசியைப் பார்ப்பேன், முகத்தைப் பார்ப்பேன். யாராவது கொட்டாவி விட்டால் பிபி இறங்குகிறது என்று ஓடுவேன். இவர்கள் இத்தனை நுணுக்கமாகக் கேட்பதைப் பார்த்து அசந்துபோயிருக்கிறேன்.

2. மாலா

அந்தச் சமயத்தில்தான் மாலா வந்தாள். நாற்பதைத் தாண்டியவள், பேக்டரி ஆப்பரேட்டர். வேலை போய்விட்டது. தம்பி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுவான். ஒரு நாள் வருவாள், இரண்டு தடவை வரமாட்டாள். பிறகு முகம் வீங்கி, மூச்சு வாங்க வந்து நிற்பாள். வந்தாலும் பாதியில் கழற்றச் சொல்வாள்.

"இங்க வந்தா ஒரு நாள் போச்சு. மறுநாள் அசதில போச்சு. இது ஒரு வாழ்க்கையா மிஸி?"

டாக்டர் சொல்லிப் பார்த்தார். நான் திட்டிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். வராமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியும். தெரிந்தவளிடம் எதைச் சொல்லிப் பயமுறுத்துவது?

ஒரு நாள் பரமசிவம் அண்ணன் முறை. அவர் பாட்டுப் போடவில்லை.

"என்கிட்ட ஒரு பாட்டு பாதிதான் இருக்கு. சின்ன வயசுல எஸ்டேட் திடல்ல வெள்ள துணி கட்டி படம் போட்டாங்க. வயலின் ஏறி வந்து டக்குன்னு நிக்கும். யாரோ விசிலடிப்பான். அப்புறம் ஒரு பொம்பள குரல் மட்டும், வாத்தியமே இல்லாம. அந்த எடத்துல புடிச்சுது பாரு மழ! படத்த நிறுத்திட்டாங்க. மிச்சப் பாட்ட இன்னிக்கு வரைக்கும் நான் கேக்கல."

"படம் பேரு?" என்று மாலா கேட்டாள். பாட்டு விஷயத்தில் அவள் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"தெரியல. வார்த்தையும் ஞாபகம் இல்ல. மெட்டு மட்டும் இருக்கு." முனகிக் காட்டினார். அவள் அதை அப்படியே திருப்பி முனகினாள், ஒரு இடத்தைக்கூடத் தவற விடாமல். லிம் அங்கிள் கண்ணைத் திறந்து பார்த்தார்.

அதிலிருந்து வேட்டை ஆரம்பித்தது. மாலா வீட்டில் போனில் தேடிக்கொண்டு வருவாள். அவள் முறை கடைசி மணி நேரத்தில் வரும்படி லிம் அங்கிள் வரிசையை மாற்றிவிட்டார். அதனால் அவள் பாதியில் கழற்றச் சொல்வதும் நின்றது. "விசில் இருக்கு, வயலின் இல்ல" என்பார் அண்ணன். "குரல் சரி, ஆனா தாளம் வேற" என்பார். ஒவ்வொரு தடவையும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்ததைத் தேடுவாள். எங்கள் கெஞ்சல் செய்யாததை ஒரு மெட்டு செய்துகொண்டிருந்தது.

ஆனால் ஒரு நாள் ஊசி போடும்போது, அண்ணன் காதிலும் விழும்படியே சொன்னாள்.

"மிஸி, அண்ணன் பாட்ட கண்டுபிடிச்சு குடுத்துட்டு நான் நிறுத்திக்கிறேன். அதுக்கு அப்புறம் என்னைக் கூப்பிட்டு போன் பண்ணாதிங்க."

ஊசியை ஒட்டிவிட்டு நிமிர்ந்தேன். பரமசிவம் அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

3. அலாரம்

சில வாரம் கழித்து அவள் வந்த வேகத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கண் பளபளவென்று இருந்தது. தன் முறை வந்ததும் ஒன்றும் சொல்லாமல் போட்டாள்.

வயலின் ஏறியது. நின்றது. விசில். பிறகு ஒரு பெண் குரல், தனியாக.

பரமசிவம் அண்ணன் மெஷின் அலறியது. வீனஸ் பிரஷர். ஓடினேன். இத்தனை மாதம் அசையாமல் இருந்த அந்தக் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பிடித்து நேராக வைத்து அலாரத்தை அமர்த்தினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கண் நிறைந்திருந்தது.

"அண்ணே, இதானே?" என்றாள் மாலா.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கிட்ட வந்துட்டம்மா. ஆனா இது இல்ல."

"நல்லா கேளுங்க அண்ணே."

"இல்லம்மா. வேற தேடு." ஸ்பீக்கரைக் காட்டி, "பாட்டு நல்லாத்தான் இருக்கு, முழுசா ஓடட்டும். பாதியில நிறுத்திராத," என்றார்.

வாழ்நாளெல்லாம் காத்திருந்த பாட்டு. கையில் வந்ததும் தன்னுடையது இல்லை என்று சொல்ல எத்தனை பெரிய மனசு வேண்டும். நான் அவர் பிபி பார்க்கிற சாக்கில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மாலா பாட்டை முழுசாக ஓடவிட்டாள். முடிந்ததும் தம்பியோடு போய்விட்டாள்.

அடுத்த முறை அவள் மெஷினைத் தயார் செய்து வைத்தேன். நேரம் ஆனது. நாற்காலி காலி. பரமசிவம் அண்ணன் வாசலையே பார்த்தார். லிம் அங்கிள் முறை வந்தும் பாட்டு வேண்டாம் என்றுவிட்டார். போன் பண்ணலாமா என்று நான் எழுந்தபோது மோட்டார் சத்தம் கேட்டது.

"மீரு ரோட்டுல டிராபிக் ஜேம் மிஸி," என்றாள், சாதாரணமாக. எடை பார்த்தாள், உட்கார்ந்தாள், கையை நீட்டினாள். கடைசி மணி நேரத்தில் அவள் முறை வந்தது. அதே பாட்டைப் போட்டாள்.

"இது இல்லன்னு சொன்னேனேம்மா," என்றார் அண்ணன்.

"உங்க பாட்டு இல்லதானே? அப்ப இது என் பாட்டு. ஏன் புடிக்கும்னு சொல்லணும்ல, சொல்றேன். இத கேட்டா ஒருத்தருக்கு கை சும்மா இருக்காது. வாய்தான் பொய் சொல்லும், மெஷின் சொல்லாதுலா."

வார்டே சிரித்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கை அசையவில்லை. கால் மட்டும் தாளம் போட்டது.

புதிதாக வரும் பெண்களே, பேஷண்ட் வந்ததும் எடை கேளுங்கள், பிபி பாருங்கள். அப்படியே என்ன பாட்டுக் கேட்பீர்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். ஒருவரை நாற்காலியில் உட்கார வைக்க நமக்குத் தெரியாத வழி பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தெரிந்திருக்கும்.

மாலா இன்றும் தவறாமல் வருகிறாள். அவள் அந்தப் பாட்டைப் போட்ட அன்றே, லிம் அங்கிள் தன்னிடமும் பாதி கேட்ட கேன்டனீஸ் பாட்டு ஒன்று இருக்கிறது, பேர் தெரியாது என்று ஆரம்பித்துவிட்டார். மாலா தேடிக்கொண்டிருக்கிறாள். அப்படி ஒரு பாட்டு உண்மையிலேயே இருக்கிறதா என்று அவரிடம் நான் இதுவரை கேட்கவில்லை.